முதல் வீட்டில் விளக்கு எரியவில்லை

அத்தியாயம் 11

மொட்டை மாடியில் நின்று யாரிடமோ போனில் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாளே லாவண்யா, அது நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இவாஞ்சலின் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. கல்லூரி முடித்த பெண்ணுக்கு அழுவதற்கும் கொஞ்சம் தனி இடம் வேண்டும் என்று நினைப்பவள் அவள். தவிர, அமாவாசைக்குள் முடிக்க வேண்டிய வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அமாவாசை அன்று அந்தத் தெருவில் தறி ஓடாது. கைத்தறியும் சரி, விசைத்தறியும் சரி, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஓய்வு. மற்ற நாட்களில் பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்பதற்கே கத்த வேண்டியிருக்கும் தெருவில் பாட்டைப் பதிவு செய்வதாவது! ஆகவே மாதத்தில் அந்த ஒரு நாள்தான் 'முதல் வீடு' குழுவுக்குக் கிடைக்கும்.

குழுவுக்கு அந்தப் பெயர் வந்ததும் வீட்டால்தான். தெருக்கோடியில் கோயிலை ஒட்டி இருக்கும் தனசேகரனின் வீட்டைத்தான் எல்லோரும் முதல் வீடு என்பார்கள். அமாவாசை சாயங்காலம் அந்த வீட்டு வாசல் மாடத்தில் விளக்கு ஏறி, அந்த வீட்டுத் தறி ஓடத் தொடங்கிய பிறகுதான் மற்ற வீடுகளில் சுவிட்சைப் போடுவார்கள். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மீறியவரும் இல்லை.

தனசேகரன் அந்த வீட்டின் இளைய மகன். கீழே நான்கு விசைத்தறி, கடைத்தெருவில் ஒரு பட்டுச் சேலைக் கடை, மாடியில் ஒரு பேஸ் கிடார். இவாஞ்சலின் அவனைக் காதலித்துக் கைப்பிடித்தவள், பெண்கள் பள்ளியில் ஆசிரியை. சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த குரல். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவளுடைய ரோஸி சித்தி ஒரு நாள் ஒரு பை நிறைய கேசட் கொண்டுவந்து கொட்டினாள். கறுப்பு அமெரிக்கர்கள் பாடிய சோல், ஃபங்க். ஜெபமும் சண்டையும் ஒரே தொண்டையில் இருந்து வர முடியும் என்று இவாஞ்சலினுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கேசட்டுகளில் வந்த பேஸ் கிடாரைக் கேட்ட தனசேகரன் இரண்டு நாள் கடைக்கே போகவில்லை.

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கும் சம்பந்தத்தை டிரம்பெட்டுக்குப் பிடித்தார்கள். செய்யாறு தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பிரின்ஸ் டிரம்ஸுக்கு வந்தான். ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசித்துப் பிழைத்தார்கள். நடுவில் நைசாக ஒரு ஃபங்க் பாட்டை நுழைப்பார்கள். களம்பூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஜனம் ஆடிய ஆட்டத்தில் சாப்பாடு ஆறிப்போனது. வெம்பாக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்குக் கடைசிப் பந்தியில் குழுவுக்குக் கிடைத்தது ரசமும் ஊறுகாயும் மட்டுமே. அந்த இலையின் முன்னால் உட்கார்ந்து இவாஞ்சலின் கட்டிய பாட்டுதான் 'கடைசிப் பந்தி'. குழுவின் முதல் சொந்தப் பாட்டு.

அந்தப் பாட்டை வெளியிடச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. அதுவும் சரியான சமயத்தில். அடுத்த வாரம் பிரின்ஸுக்கு ஓசூருக்கு மாற்றல். இந்த அமாவாசையை விட்டால் டிரம்ஸுக்கு ஆள் கிடையாது.

கம்பெனிக்காரர் கமலக்கண்ணன் காலையிலேயே காரில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். வெள்ளை ஷூ, பேச்சுக்குப் பேச்சு மேடம். கூடவே ஒரு ரெக்கார்டிங் இன்ஜினியரும் நான்கு பெட்டி மைக்கும். மாடி ஹாலின் சுவர்களில் இவாஞ்சலினும் லாவண்யாவும் ஜமுக்காளங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துப் பாராட்டினார். லாவண்யாதான் குழுவின் மைக், ஒயர், லேப்டாப் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்பவள் என்று தெரிந்ததும் இன்னும் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டவுடன் லாவண்யா ஒயரை எடுக்கிற சாக்கில் வெளியே போனதை இவாஞ்சலின் கவனித்தாள்.

மாமனார் மாமியாருக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்தது இவாஞ்சலின்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச், அமாவாசைக்குப் படையல். இரண்டையும் ஒன்றுக்கொன்று மோதவிடாமல் நடத்தக் கற்றுக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. காக்கை அன்றைக்கு என்னவோ பிகு செய்துகொண்டது. பசியில் கமலக்கண்ணன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடி நின்றது பார்க்கப் பாவமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து வேலை தொடங்கியது. ஒவ்வொருவராகத் தனித்தனியே வாசிக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். முதலில் பாட்டு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இவாஞ்சலின் கண்ணை மூடினாள். வெம்பாக்கத்து இலை கண்ணுக்குள் வந்தது. முதல் வரியிலேயே குரல் தானாக ஏறிக்கொண்டது.

ஹெட்போனுக்குள் இன்ஜினியரின் குரல் குறுக்கிட்டது.

"மேடம், ஃபீலைக் கொஞ்சம் குறைச்சிக்கலாமா? டிராக்தானே. சுருதி மட்டும் நின்னா போதும். புது வாய்ஸ் வந்து ஃபீல் பண்ணிக்குவாங்க."

இவாஞ்சலின் ஹெட்போனைக் கழற்றினாள்.

டிராக் பாடுவது என்றால் என்ன என்று மேடை ஏறிய எவருக்கும் தெரியும். உண்மையான பாடகர் வருவதற்கு முன்னால் வழி காட்டுவதற்காகப் பாடி வைப்பது. அவர் வந்து பாடியதும் இந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பதைப் போல.

யார் அந்தப் புது வாய்ஸ் என்று கேட்டாள். இன்ஜினியர் கமலக்கண்ணனைப் பார்த்தார். கமலக்கண்ணன் தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் தலையைக் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த கிடார் கம்பியை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தான்.

"நான்தாம்மா" என்றாள் கதவருகே நின்ற லாவண்யா.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. போன வாரம் மொட்டை மாடிக்கு வந்த போன் கமலக்கண்ணனுடையது. பாட்டு நன்றாக இருக்கிறது, குழு நன்றாக இருக்கிறது, பாடும் முகம் மட்டும் இளமையாக இருக்கட்டும், மகளே பாடினால் குடும்பத்துக்குள்தானே இருக்கும் என்று கேட்டிருக்கிறார். லாவண்யா முடியாது என்றிருக்கிறாள். அப்பாதான் அவசரப்படாதே, அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன் என்று வாயை அடைத்திருக்கிறார். அந்தப் பக்குவம் ஒரு வாரமாக வரவே இல்லை.

கமலக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க வாய்ஸ் பிரமாதம். ஆனா வீடியோல ஒரு ஸ்கூல் டீச்சர் வந்து ஃபங்க் பாடினா ஜனங்க காமெடியாத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. சிரிச்சிகினே பாட்டையும் கேப்பாங்க இல்ல?" என்றாள் இவாஞ்சலின்.

சொல்லிவிட்டு நேராகக் கீழே இறங்கிச் சமையலறைக்குப் போனாள். கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

பின்னாலேயே தனசேகரன் வந்தான். கதவோரம் நின்றான். கடையில் எத்தனை கெட்டிக்கார வாடிக்கையாளர் வந்தாலும் பேசியே புடவையை விற்றுவிடுகிறவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஏஞ்சி, பிரின்ஸ் ஓசூர் போறான். சம்பந்தத்துக்கு முன்ன மாதிரி மூச்சு நிக்கல. இதுக்கப்புறம் எப்ப, சொல்லு. பாட்டு வெளிய வந்தா போதும்னு நெனச்சேன். யார் பாடினா இன்னா, நம்ம பொண்ணுதான?"

"பொண்ணு பாடட்டும். அவ பாட்ட அவ பாடட்டும். இது என் பாட்டு. வெம்பாக்கத்துல அந்த ரசத்த என் இலையிலதான் ஊத்துனாங்க."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்த அடுத்த அமாவாசை. சர்ச்சுக்குப் போகிறவள் கையால் முதல் வீட்டு விளக்கா என்று தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நெசவாளர் சங்கத் தலைவரான தனசேகரனின் அண்ணன் பச்சையப்பனே அவர்கள் பக்கம் நின்றார். தனசேகரன் வாசலில் இறங்கி, விளக்கு வைப்பது இந்த வீட்டு மருமகள்தான், தறி ஓட்டுகிறவர்கள் ஓட்டுங்கள், மற்றவர்கள் வேடிக்கை பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தான். அன்றைக்குத்தான் அவனை இரண்டாவது தடவையாகக் காதலித்தாள்.

"தெருவே நின்னப்ப எனக்காகப் பேசினீங்க" என்றாள். "இன்னிக்கி ஒரே ஒரு ஆளு. அவன்கிட்ட பேச முடியல உங்களால."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. படியேறினாள்.

மாடியில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். தனித்தனியாக யாரும் வாசிக்கப்போவதில்லை, எல்லோரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிப்போம், பாடுகிறது நான் என்று அறிவித்தாள். கமலக்கண்ணன் அப்படியானால் கம்பெனி மைக் கிடைக்காது என்றார். சரி என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் கெஞ்சலை எதிர்பார்த்திருக்க வேண்டும். வராமல் போகவே இன்ஜினியருக்குக் கண் காட்டினார். பெட்டிகள் மூடப்பட்டன. கார் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் இருவரும் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டார்கள்.

சர்ச்சில் இரவல் வாங்கிய இரண்டு மைக், லாவண்யாவின் லேப்டாப். மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

"போதும்மா" என்றாள் லாவண்யா. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா யார் எங்க நிக்கணும்னு நான் சொல்றதக் கேக்கணும்."

கேட்டார்கள். முதல் முறை வாசித்ததில் டிரம்பெட் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஊர்வலத்தில் எட்டுத் தெருவுக்குக் கேட்க ஊதிப் பழகியவர் சம்பந்தம். அவரைப் படிக்கட்டுக் கதவு வரை தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பி ஊதச் சொன்னாள் லாவண்யா. மாப்பிள்ளை குதிரைக்குப் பின்னால்கூட நான் இப்படி நின்றதில்லை என்று அவர் முணுமுணுத்தார். இரண்டாம் முறை கிடார் தடுமாறியது. ஃபங்க் பாட்டில் முதல் தட்டு விழும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவர் முடி அளவு தள்ளினாலும் பாட்டுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். தனசேகரனின் விரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் வந்து விழுந்தது. இவாஞ்சலின் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஜன்னலில் வெயில் சிவந்து, பிறகு மங்கியது.

சம்பந்தம்தான் முதலில் வெளியே எட்டிப் பார்த்தார். வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். எல்லார் முகமும் இந்தப் பக்கம். கீழே இவர்கள் தறியை ஓட்டுகிறவர்களும் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து காத்திருந்தார்கள். இந்த வீட்டில் விளக்கு ஏறினால் தெருவே இரைச்சலாகிவிடும். பிறகு பதிவும் இல்லை, பிரின்ஸும் இல்லை.

"டீச்சர், விளக்கு வைக்கிற நேரமாச்சி" என்றார் சம்பந்தம்.

"அந்த விளக்க யாரு வைக்கணும்?"

"நீங்கதான்."

"நான் பாடிகினு இருக்கேன்."

அறையில் சில நொடிகள் யாருக்கும் புரியவில்லை. பிறகு பிரின்ஸ் சிரித்துவிட்டான். சம்பந்தம் டிரம்பெட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

இவாஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே நிற்கிறவர்கள் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். அவர்களுடைய பொழுதை எடுத்துக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். நாளை ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வதற்கும் அவள் தயார். ஆனால் இன்றைக்கு அந்தத் தெருவின் அமைதி அவள் கையில் இருந்தது. அவள் கையில் வேறு எதுவும் இல்லாத நாளில் அது இருந்தது. ஒரு பாட்டின் நேரத்துக்கு அதைக் கொடுக்க மாட்டாள்.

தனசேகரனின் போன் அடித்தது. அண்ணன் பச்சையப்பன். எதிர் வீட்டு வாசலில் இருந்துதான் கூப்பிடுகிறார் என்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தனசேகரன் போனைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். படிக்கட்டில் கமலக்கண்ணன் சுவாரசியமாக நிமிர்ந்தார்.

தனசேகரன் போனைக் காதில் வைத்தான்.

"இல்லண்ணா, இன்னும் விளக்கு வைக்கல. வைக்கிறவங்க பாடிகினு இருக்காங்க." அந்தப் பக்கம் என்னவோ உரத்துக் கேட்டது. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "ஆமா. என் பொண்டாட்டிதான். முடிச்சிட்டுத்தான் வைப்பாங்க. அதுவரைக்கும் நம்ம தறியும் ஓடாது. நான்தான் சொன்னேன்னு சொல்லிடு."

போனை அணைத்துத் தரையில் கவிழ்த்து வைத்தான். கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினான்.

இவாஞ்சலின் இப்போது திரும்பிப் பார்த்தாள். மன்னித்துவிட்ட பார்வை அது இல்லை. ஆனால் பார்வை. அவன் தலையை அசைத்தான். பிரின்ஸ் குச்சிகளைத் தட்டி எண்ணினான்.

முதல் தட்டில் எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள்.

பேஸ் கிடார் தரையை ஒட்டி நடந்தது. அதன் மேல் டிரம்ஸ் ஏறி உட்கார்ந்தது. கதவோரம் சுவரைப் பார்த்து நின்ற சம்பந்தம் சின்னச் சின்னக் குத்தாக ஊதினார். இவாஞ்சலின் முதல் வரியைப் பேச்சு மாதிரிதான் எடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்கிற மாதிரி.

"நான் பாடித்தான் உங்க பந்தல் நிறைஞ்சது
நான் பசிச்சா மட்டும் ஏன் பானை குறைஞ்சது?"

பிறகு குரல் மேலே போயிற்று. சர்ச்சில் கற்ற குரல்தான். ஆனால் வேண்டுகிற குரலாக அது இல்லை.

"இலையைப் போடு, இலையைப் போடு
மொதப் பந்தியில என் இலையைப் போடு!"

கடைசிச் சுற்றில் 'போடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் விடவே இல்லை. இழுத்தாள், கிழித்தாள், திரும்ப ஒட்டினாள். லாவண்யா லேப்டாப்பை மறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை எடுத்துவிட்டு அங்கே தன் குரலை வைக்கச் சொன்னார்களே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தறி இல்லாத தெருவில் அந்தக் குரல் ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது. லாவண்யா ஒரு விரலை உயர்த்தி, கடைசி அதிர்வும் அடங்கும் வரை காத்திருந்து, பிறகு லேப்டாப்பில் பதிவை நிறுத்தினாள்.

"வந்துடுச்சும்மா" என்றாள்.

படிக்கட்டில் பச்சையப்பன் நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. சங்கத் தலைவருக்கே உரிய விறைப்போடு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சி மாமா" என்றாள் இவாஞ்சலின்.

"ஜல்தி விளக்க வைம்மா. தெருவே பேஜாராயி நிக்குது. நாளைக்கி சங்கத்துல நீ வந்து பதில் சொல்லணும், உன் புருஷன அனுப்பாத." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "அந்த இலையைப் போடுன்னு வருதே, அது இன்னொரு தபா வந்திருக்கலாம்."

இவாஞ்சலின் கீழே போய்க் கை கழுவி, மாடத்தில் விளக்கை ஏற்றினாள். இந்த முறை தீப்பெட்டியை அவளே எடுத்துக்கொண்டாள். தனசேகரன் உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டான். முதல் தறி அடித்தது. அடுத்த வீடு, எதிர் வீடு, அதற்கும் அடுத்தது என்று இரைச்சல் தெருவின் கோடிவரை ஓடியது.

வாசலில் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கமலக்கண்ணன் நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இவாஞ்சலினுக்குச் சரியாகப் படவில்லை.

"நல்லா இருந்தது மேடம். நிஜமாவே. பாட்டு உங்களுது, வெச்சிக்குங்க, தாராளமா வெளியிடுங்க" என்றார், இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி. "ஆனா 'முதல் வீடு'ங்கற பேர்ல முடியாது. அந்தப் பேர எங்க கம்பெனி போன வாரமே பதிவு பண்ணிடுச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணோம்."

இவாஞ்சலின் கணவன் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் வாசலுக்கு வந்த தனசேகரன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அவனிடம் பேச ராத்திரி முழுவதும் இருக்கிறது. அவள் காரின் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். தெரு முழுக்கத் தறி ஓடியபோதும் அவளுக்குக் கத்த வேண்டியிருக்கவில்லை.

"பேர வாங்கிட்டீங்க இல்ல? அடுத்த அமாவாசைக்கு வந்து விளக்கையும் நீங்களே வைங்க. ஒரு தறியாச்சும் ஓடுதான்னு பாக்கலாம்."